முகத்துவாரத்தில் ஒரு பகல்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. காலையில் கப்பல் துறையை அடைகிறது. பயணிகள் இறங்கி ஊர் பார்க்கிறார்கள். மாலையில் கப்பலின் ஊதல் கேட்டதும் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். இடையிலுள்ள ஏழெட்டு மணித்தியாலம்தான் அவர்களுக்கு அந்த ஊர். மத்தியதரைக் கடலில் இன்று இது பெரிய தொழில். நேப்பிள்ஸ் துறையில் இறங்கியவர், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பேயி நகரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புகிறார். பிரேயஸ் துறையில் இறங்கியவர் ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் பழைய கோயிலைக் கண்டு வருகிறார். சன்டோரினித் தீவில் பெரிய கப்பல்கள் கரையோடு அணைவதில்லை. அவை தள்ளி நிற்க, சிறு படகுகள் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன.

இத்தகைய பயணத்தை எழுத்தில் பதித்தவர்களில் முந்தியவர்களுள் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் தக்கரே. 1844ஆம் ஆண்டு கப்பற் கம்பனி ஒன்று கொடுத்த இலவசப் பயணத்தில் அவர் புறப்பட்டார். லிஸ்பன், மால்ற்றா, ஏதென்ஸ், கொன்ஸ்தாந்திநோப்பிள், எருசலேம், கெய்ரோ என்று பார்த்து, 1846இல் நூலாக வெளியிட்டார். கப்பல் நின்ற சொற்ப நேரத்தில் அவர் பார்த்த ஏதென்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அப்படியே எழுதிவிட்டார். 1867இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் வந்த கப்பலை, தொற்றுநோய்ப் பயத்தால் பிரேயஸ் துறையில் தடுத்து நிறுத்தினார்கள். அவரும் நண்பர்கள் சிலரும் இரவில் களவாகக் கரையிறங்கி, நிலவொளியில் அந்தக் குன்றுக் கோயிலைப் பார்த்துவிட்டு, விடியுமுன் கப்பலுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு நூல்களும் இன்றும் சுவை குன்றாதவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நேயர்களே. ஏதென்ஸ் நகரத்து மனிதன் தன் ஊரின் வரலாற்றை அறியத் தக்கரேயின் நூலைத் தேடிப் போகவேண்டியதில்லை. அவனுக்குச் சொந்தமாக இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து இருந்தது. ஒருநாள் விருந்தாளி சொன்னதை அவன் சிரித்துவிட்டு ஒதுக்கலாம்.

நமக்கு அப்படி ஒதுக்கிவிட முடியுமா? இந்தக் கேள்வியோடுதான் உங்களை இன்று மட்டக்களப்பு முகத்துவாரத்துக்கு அழைத்துப் போகிறேன். கடலிலிருந்து வந்து இந்தக் கரையில் இறங்கியவர்கள் பலர். ஒரு பகல் தங்கியவரும் உண்டு, ஒரே மூச்சாகத் தங்கி இங்கேயே மண்ணானவரும் உண்டு. அவர்கள் எழுதிவைத்தவற்றிலிருந்துதான் நம் ஊர் வரலாற்றின் பல தேதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம். அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் ஒன்று, படுகிற பக்கம் மற்றொன்று. வாவி கடலோடு கலக்கும் பிரதான வாய், நகரத்துக்கு வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம்.

இந்த வாய் எப்போதும் திறந்திருப்பதில்லை. கச்சான் வீசுகிற வறண்ட மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை மூடிவிடும். மாரியில் வெள்ளம் பெருகியதும் மணல்மேடு தானாக உடையும்; சில ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். சென்ற மாதம் தோணி போன தடத்தில் இந்த மாதம் முழங்கால் ஆழந்தான் இருக்கும். திருகோணமலைக்கு இயற்கை வாரி வழங்கிய ஆழத் துறைமுகம் நமக்குக் கிடைக்கவில்லை. எந்தக் காலத்திலும் பெரிய கப்பல் வெளியே, திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டும். அங்கிருந்து தோணி ஒன்று வந்து ஆளை எடுத்து, அலையடிக்கும் மணல்மேட்டைத் தாண்டி, வாவிக்குள் கொண்டுவந்து, புளியந்தீவில் இறக்க வேண்டும். ஆகவே இந்த ஊரில் இறங்கிய ஒவ்வொருவரும், அவர் கப்பற் தளபதியோ தேசாதிபதியின் அதிகாரியோ யாராயிருந்தாலும், உள்ளூர்த் தோணிக்காரன் ஒருவனின் கையில் தம் உயிரைக் கொடுத்துத்தான் இறங்கியிருப்பார். மணல் இன்றைக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது, எத்தனை அலைக்கு ஒருமுறை கடல் மூச்சு வாங்குகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இவனிடம் வருவோம்.

1602ஆம் ஆண்டு மே மாத முடிவில் மூன்று ஒல்லாந்துக் கப்பல்கள் இந்தக் கடலில் வந்து நின்றன. தளபதியின் பெயர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். அவர் முந்திய ஆண்டு மே மாதத்தில் சீலாந்து மாகாணத்தின் வீரே துறையிலிருந்து புறப்பட்டவர். ஆபிரிக்காவைச் சுற்றி, மிளகும் கறுவாவும் தேடி, ஓராண்டுக்கு மேல் கடலில் அலைந்து வந்தவர். கரையில் இருந்தவர்களுக்கு வெள்ளைத்தோல் என்றால் போர்த்துக்கேயர். ஆகவே இவர்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பேசுவதற்கு இடைமொழியாக இருந்ததும் எதிரியின் போர்த்துக்கேய மொழியே. மட்டக்களப்பை ஆண்ட சிற்றரசனை ஸ்பில்பேர்கன் கண்டார். பிறகு மலைநாடு ஏறிக் கண்டியில் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். செப்டெம்பரில்தான் கப்பல்கள் நங்கூரம் எடுத்தன. இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய பயண நாட்குறிப்பு 1605இல் டெல்ப்ற் நகரில் அச்சேறியது. மட்டக்களப்பின் 17ஆம் நூற்றாண்டு இப்படி ஒரு கப்பற்காரரின் குறிப்பேட்டோடுதான் நமக்குத் தொடங்குகிறது. அன்று கரையில் நின்று அவர்களை வரவேற்றவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்தக் குறிப்பேட்டில் இல்லை. இருக்கவும் முடியாது.

ஸ்பில்பேர்கனுக்குப் பின்னால் வந்த செபால்ட் டி வேர்ட்டின் கதை இன்னும் கசப்பானது. அவர் கடலோடிகளில் பெயர் பெற்றவர். தென்னமெரிக்காவின் தென்கோடிக்கு அப்பாலுள்ள தீவுக்கூட்டம் ஒன்றை ஒல்லாந்தர் அவர் பெயராலேயே அழைத்தார்கள். 1602இன் கடைசியில் அவர் மட்டக்களப்புக்கு வந்தார். கண்டி அரசனோடு சேர்ந்து போர்த்துக்கேயரைத் தாக்குவதாகப் பேச்சு நடந்தது. 1603இல் பெரிய கப்பற்படையோடு திரும்பி வந்தார். ஆனால் கடலில் பிடிபட்ட போர்த்துக்கேயரை அவர் தம்பாட்டில் விடுதலை செய்துவிட்டார். அரசனுக்கு ஐயமும் சினமும் மூண்டன. இருவரும் சந்தித்த இடத்தில் வாய்வார்த்தை தடித்தது. டி வேர்ட்டும் கூட வந்த பலரும் வெட்டப்பட்டு மாண்டார்கள். தாம் நிற்கிற மண்ணில் போர்த்துக்கேயன் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் சரியாக எடைபோடவில்லை. கரையிறங்குவது என்பது படகிலிருந்து காலை எடுத்து மணலில் வைப்பது மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டுக்குள் அது கைமாறியது. 1638 மே 18ஆந் திகதி, வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரிடம் கோட்டை சரணடைந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆந் திகதி, இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்கும் இங்கே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கப்படும் கோட்டைகளில் யார் படை வைப்பது என்பது அதில் ஒரு வாசகம். அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், அரசன் விரும்பினால் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்றிருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த நிபந்தனையைக் காணவில்லை. விரும்பினால் என்ற ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பதில் பின்னர் எத்தனையோ கோட்டைகளின் கதி தொங்கியது. நாட்டின் கரையோரம் கைமாறிய கதை நம் வாவிக்கரையில் ஒரு சொல் காணாமற் போனதிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் பெரும்பிழை ஆகாது. எழுதுகிறவன் கையில்தான் கரையும் இருக்கிறது.

எல்லோரும் வாங்கவும் பிடிக்கவும் வந்தவர்கள் அல்லர். 1814இல் வந்த ஒருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நியாயமாகாது. அவர் வில்லியம் ஓல்ட். வெஸ்லியன் மிஷனின் முதற் குழுவோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவர். அந்தக் கடற்பயணத்திலேயே அவருடைய மனைவி இறந்துபோனார். குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே 3ஆந் திகதி கப்பல் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். எஞ்சியவர்கள் ஜூன் முடிவில் காலியில் கரையிறங்கினார்கள். யார் எந்த ஊருக்குப் போவது என்று முடிவானபோது இருவருக்கு யாழ்ப்பாணம் கிடைத்தது. ஒருவர் காலியிலும் ஒருவர் மாத்தறையிலும் இருக்க, ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார்.

மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பாஷை தெரியாத ஊரில், ஒற்றை மனிதராக ஒருவர் இறங்குகிற அந்த நாளை நினைத்துப் பாருங்கள். அவர் தமிழ் படித்தார், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். எட்டு மாதந்தான் வாழ்ந்தார். 1815 ஏப்ரல் முதலாந் திகதி மட்டக்களப்பிலேயே காலமானார். அவர் நட்டது இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. இரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. புளியந்தீவில் வாவியோரமாக நிற்கும் மட்டக்களப்பு வாயில் என்ற பழைய இறங்குதுறைக்கு அண்மையில் அவருக்குச் சிலை உண்டு. மதத்தால் அவரோடு ஒட்டாதவர்களும் அந்தப் பள்ளியில் எழுத்துப் படித்திருக்கிறார்கள். வந்தவர்களில் பலர் எடுத்துப் போனார்கள், சிலர் எழுதிப் போனார்கள். இவர் எழுதக் கற்றுக்கொடுத்தார். அந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

1848 செப்டெம்பரில் வந்தவர் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றச் செயலாளர். தேசாதிபதிக்கு அடுத்த நிலை அதிகாரி. மட்டக்களப்பு வாவியில் இரவில் இசை எழும்புகிறதாமே என்ற கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது. கேட்டு விசாரித்தார். மீனவர்கள் ஆம் என்றார்கள். நீருக்கடியில் கிடக்கும் ஒருவகைச் சிப்பிதான் அப்படி ஒலிக்கிறது என்றும் சொன்னார்கள். நிலவுள்ள இரவில் அவர் படகில் போனார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலிபோல மெல்லிய பல சுரங்கள் நீருக்குள்ளிருந்து எழக் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பலத்தது என்றும் எழுதினார். 1859இல் வெளிவந்த அவருடைய நூல் வழியாக நம் பாடுமீனின் பெயர் ஐரோப்பாவில் பரவியது. இன்றைக்கும் பிறமொழியில் மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிற எவரும் அவரைத் தொட்டுக்கொள்ளாமல் இருப்பதில்லை.

இங்கே சற்று நிற்போம். மரத்தில் காதை வைத்துக் கேள் என்று டெனன்டுக்கு யார் சொன்னது? கல்லடிப் பக்கத்தில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது ஊரறிந்த வழக்கம். நீர் கொண்டுவரும் ஒலியை மரம் வாங்கிக் காதுக்குக் கொடுக்கும் என்ற பௌதிகம் வாவியில் பிழைக்கிறவனுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். டெனன்ட் கெட்டிக்காரர், அவராகவே கண்டுபிடித்திருக்கவும் கூடும். ஆனாலும் அன்றிரவு படகைத் தள்ளிக்கொண்டு போய், இதோ இந்த இடத்தில்தான் ஐயா என்று சரியான பாறைக்கு மேலே நிறுத்தியவன் ஒருவன் இருந்தானல்லவா? அந்த இடம் அவனுக்குத் தெரிந்திராவிட்டால் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்குமா? நூலில் அதிகாரியின் பெயர் அட்டையில் இருக்கிறது. படகோட்டியின் பெயரை நாம் எங்கும் தேடமுடியாது.

அதே வாவிக்கரை மண்ணில், காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரும் அந்த நீரின் இசையைக் கேட்டார். கேட்டதை ஒரு விந்தை என்று குறித்துவைத்துவிட்டுப் போகவில்லை. 1947இல் வெளிவந்த யாழ்நூலில், நீரர மகளிர் பாடுவதாக அதை வைத்து, தமிழிசை ஆராய்ச்சி என்ற பெருங்கடலுக்குள் அங்கிருந்தே தோணியை இறக்கினார். பல ஆண்டு உழைப்பு அந்த நூல். ஓரிரவு கேட்டவருக்கு அது இயற்கையின் அதிசயமாக இருந்தது. பிறந்து வளர்ந்து கேட்டவருக்கு அதுவே ஒரு கலையின் வாசலாயிற்று. இருவர் காதும் கூர்மையான காதுதான். வேறுபட்டது அவர்கள் கரையில் நின்ற காலம். பின்னாளில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, யேசுசபைப் பாதிரியார் லாங் அந்த ஒலியைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வானொலி நேயர்களுக்கு அது பெருமைக்குரிய செய்தி.

இனி, உல்லாசப் பயணக் கப்பலுக்கு வருவோம். மத்தியதரைக் கடலில் நடப்பதுபோல நம் தீவைச் சுற்றியும் ஒரு கப்பல் ஓடியது என்றால் இளந்தலைமுறையினர் நம்பமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிலோன் ஸ்ரீம்ஷிப் கம்பனியின் நீராவிக் கப்பல்கள் கொழும்பிலிருந்து புறப்பட்டுக் கரையோரமாகத் தீவைச் சுற்றி வந்தன. காலி, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று நின்று நின்று போகும். கப்பல்களின் பெயர் லேடி கோர்டன், லேடி ஹெவ்லொக். தேசாதிபதிகளான கோர்டனும் ஹெவ்லொக்கும் தங்கள் துணைவியர் பெயரைக் கடலில் மிதக்கவிட்டிருந்தார்கள்.

அந்நாளில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குத் தரைவழியாக வருவது என்றால் பதுளைப் பாதையால் பல நாள் வண்டிப் பயணம். காடும் காய்ச்சலும் கூடவே வரும். ஆகவே உத்தியோகத்தர், வியாபாரி, மிஷனரி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை எல்லோருக்கும் அந்தக் கப்பல்தான் வழி. அவர்களோடு ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பயணிகளும் இருப்பார்கள். கப்பல் வெளியே நிற்கும். தோணிகள் போகும். வாடைக்காலத்தில் அலை எழும்பினால் இறங்குவதும் ஏறுவதும் உயிரைப் பணயம் வைக்கிற காரியம். 1913இல் பாலமீன்மடுவில் வெளிச்சவீடு எழும்பியது. அது கப்பலுக்குத் தூரத்திலிருந்து கரையைக் காட்டியது. மணல்மேட்டைத் தாண்டும் வழியைக் காட்ட அப்போதும் தோணிக்காரன்தான் வேண்டும்.

அப்படி இறங்கிய பயணி ஒரு பகலில் எதைப் பார்த்திருப்பார்? புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டை, அதற்குள்ளே கச்சேரி. தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், கடைத்தெரு, தென்னந்தோப்பு, வாவியில் வீச்சுவலை. நல்ல காட்சிதான். ஆனால் பாடுமீன் அவருக்குக் கேட்டிராது, அது இரவுக்குரியது. கண்ணகி அம்மன் குளிர்த்தி அவருக்குக் கிடைத்திராது. அது வைகாசித் திங்களுக்குரியது. எல்லாவற்றையும்விட, அவர் பார்த்தது எழுவான்கரை மட்டும். படுவான்கரைக்கு இன்னொரு துறை கடக்க வேண்டும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு, மண்முனைத் துறையால் கொக்கட்டிச்சோலைக்கு என்று ஓடம் ஏறவேண்டும். ஊருக்குச் சோறு வருகிற வயல் அங்கே. தான்தோன்றீச்சரமும் மண்டூர் முருகனும் அங்கே. கூத்துக் களரிகள் அங்கே. மாலை ஊதலுக்கு முன் இதெல்லாம் முடிகிற காரியமா? பயணி மட்டக்களப்பைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கப்பலேறுவார். பாதி ஊர் அவருக்குப் பின்னால், நீருக்கு அந்தப் பக்கம், பார்க்கப்படாமலே கிடக்கும்.

1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. ஓரிரவில் கொழும்பு. பிறகு முகத்துவாரத்துக்கு வெளியே கப்பலுக்குக் காத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லாமற் போயிற்று. அதே 1920களில் கல்லடியில் இரும்புப் பாலமும் எழுந்தது. அதற்கும் ஒரு தேசாதிபதியின் துணைவியார் பெயர்தான்: லேடி மனிங். சீமாட்டி பெயரில் வந்த கப்பல்கள் போக, சீமாட்டி பெயரில் பாலம் வந்தது. தோணிக்காரனுக்கு மட்டும் இரண்டிலும் பெயர் இல்லை. பாலம் வந்ததால் கல்லடிக்கு ஓடம் தேவையில்லை; புகையிரதம் வந்ததால் முகத்துவாரத்துக்கு ஏற்றிறக்குந் தோணி தேவையில்லை. வசதி பெருகியது, நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அலையை எண்ணிப் பழகிய ஓர் அறிவு, யாரும் எழுதிவைக்காமலே, வேலையில்லாமற் போயிற்று.

விரும்பாமல் இந்தக் கரைக்கு வந்தவர்களும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், அதன் துணையாக வந்த வம்பயர் என்ற நாசகாரிக் கப்பல் இரண்டையும் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. ஹெர்மிஸ் கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோயிற்று. சிலர் எப்படியோ கரையை அடைந்தார்கள். எண்ணெய் படிந்த உடலோடு இந்த மணலில் வந்து விழுந்தவனுக்கு மட்டக்களப்பு என்பது கோட்டையும் அல்ல, பாடுமீனும் அல்ல. காலுக்குக் கீழே தட்டுப்பட்ட தரை, அவ்வளவுதான். அந்தக் கப்பல் இன்றும் கல்லடிக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. முக்குளித்துப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

பிறகு 2004 டிசெம்பர் 26 வந்தது. அன்று கரையிறங்கியது கடல். முகத்துவாரத்துக்கு அருகே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேல் இருந்த நாவலடிக் கிராமத்தை அது வாரிக்கொண்டு போயிற்று. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்தது. அதன் பின்னால் உதவி செய்ய வந்தவர்கள் எத்தனையோ பேர். நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள். ஆனால் அவர்களிலும் ஒரு பகல் வந்து, வாகனத்திலிருந்து இறங்கி, படம் எடுத்து, இரண்டு பேரைக் கேட்டு, மாலையில் திரும்பி, அறிக்கை எழுதியவர்கள் அதிகம். அலையின் உயரம் அவற்றில் இருக்கிறது, இறந்தோர் தொகை இருக்கிறது. அந்தக் கிராமத்தில் எந்த வீட்டுக்கு முன்னால் எந்த மரம் நின்றது, மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர்கள் பலர் அலையோடு போய்விட்டார்கள். அவர்கள் அறிந்திருந்தது எந்த அறிக்கையிலும் இல்லை.

இதைச் சொல்வதால் வந்தவர்களைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்பில்பேர்கன் குறிப்பெழுதியிராவிட்டால் 1602ஆம் ஆண்டு நமக்கு இருட்டு. டெனன்ட் எழுதியிராவிட்டால் பாடுமீனுக்கு அத்தனை புகழில்லை. ஒரு பகலில் கண்டதை ஒருவர் உண்மையாக எழுதினால் அது பெறுமதியான சாட்சியே. குறை எங்கே என்றால், அந்த ஒற்றைச் சாட்சியையே முழு வழக்காகக் கொண்டுவிட்ட நம்மிடத்தில்.

நம்மிடம் எழுத்தே இருக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஏடுகளில் கிடந்த மட்டக்களப்பு மான்மியத்தை எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். குடிமரபும் கோயிலுரிமையும் ஊர்முறையும் அதில் உள்ளன. வீ. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலைத் தந்தார். இவை எழுவான்கரை, படுவான்கரை இரண்டையும் கால்நடையாகக் கண்டவர்கள் தந்த செல்வங்கள். ஆனால் உழைக்கிறவனின் அறிவு, தோணிக்காரனும் வலைகாரனும் வண்டிற்காரனும் அறிந்தது, ஏட்டிலும் ஏறவில்லை. அந்நியரின் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. இரண்டு எழுத்துக்கும் நடுவே அது நழுவி நீரில் விழுந்துவிட்டது.

கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வந்தது. ஓடத்துறைகள் ஒவ்வொன்றாகப் பாலமாகின்றன. மாரியில் கர்ப்பிணிப் பெண்ணை ஓடத்தில் ஏற்றிப் பதறியவர்களைக் கேட்டால், பாலம் எவ்வளவு பெரிய வரம் என்று சொல்வார்கள். பாலம் வரட்டும். ஆனால் ஒவ்வொரு துறையிலும் கடைசியாக ஓடம் தள்ளியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்கார்ந்து, அண்ணே, இந்தத் துறையில் நீரோட்டம் எப்படி, எந்த மாதம் எந்த முனையால் போவீர்கள், உங்கள் அப்பா என்ன சொல்லித் தந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும். அவருடைய பெயரையும் மறக்காமல் மேலே எழுதுங்கள்.

அந்நியர் நானூறு ஆண்டுகளாகக் கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். நாம் இங்கேயே பிறந்தவர்கள். நமக்குக் கப்பல் ஊதலும் இல்லை, மாலைக் கெடுவும் இல்லை. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் படுவான்கரையின் ஒரு துறையிலாவது இறங்கி ஒரு பகல் இருந்திருக்கிறோம்? அடுத்த விடுமுறை நாளில் அதைச் செய்து பாருங்கள், நேயர்களே. இரவு தங்கக் கிடைத்தால் இன்னும் நல்லது.